பதினாறாம் அலைவரிசையில் ஒரு நாள்

தரையில் ஆபத்து என்றால் யாரை அழைப்பது என்பது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995. கடலில் ஆபத்து என்றால்? நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நம்மில் பலரால் இதற்கு உடனே பதில் சொல்ல முடியாது. பதில் ஓர் எண்தான்: பதினாறு.

கடல் வானொலியின் 16ஆம் அலைவரிசை, உலகெங்கும் ஆபத்து அழைப்புகளுக்கும் முதல் தொடர்புக்கும் ஒதுக்கப்பட்ட பொது வாசல். சிங்கப்பூர், கிள்ளான், லங்காவி, சென்னை என எந்தக் கடற்பகுதியிலும் அது 16தான். ஜூன் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை என் மாமாவின் படகில் தென் தீவுகளைச் சுற்றி வந்தபோது, அந்த அலைவரிசையை ஒரு நாள் முழுவதும் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கும் எனக்கு, பாடநூலில் வரைபடமாகப் பார்த்த வானொலி அலை அன்றுதான் மனிதக் குரலாகக் கேட்டது.

தாளில் எழுதிய பயணம்

மாமா கப்பல் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவர். நண்பர்கள் இருவருடன் சேர்ந்து ஒன்பது மீட்டர் நீள விசைப்படகு ஒன்றை வைத்திருக்கிறார். இங்கு அத்தகைய படகை ஓட்ட உரிமம் வேண்டும். பதினாறு வயது நிரம்பியவர்கள் அதற்கான தேர்வை எழுதலாம் என்று அவர் சொன்னதும், உயர்நிலை மூன்றில் படிக்கும் என் தம்பியின் முகம் மலர்ந்தது.

காலை எட்டு மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். ஆனால் மேற்கே வானம் கறுத்திருந்தது. ‘சுமத்ரா’ காற்று வருகிறது என்றார் மாமா. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்ரா தீவுப் பக்கத்திலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் இடிமழை வரிசைக்கு அப்படிப் பெயர். பெரும்பாலும் விடியற்காலையிலோ காலை வேளையிலோ வந்து, ஓரிரு மணி நேரம் பலத்த காற்றோடு கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். நாங்கள் படகுத்துறையிலேயே காப்பி குடித்தபடி காத்திருந்தோம். பத்து மணிக்கு வானம் வெளுத்தது.

அந்த இடைவேளையில் மாமா ஒரு தாளை எடுத்து எழுதினார். படகில் யார் யார், எந்தத் தீவுக்கு, எந்த வழியாக, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதி, அதைப் படமெடுத்து வீட்டில் இருந்த அத்தைக்கு அனுப்பினார். “ஆறு மணிக்குள்ள நான் கூப்பிடலைன்னா நீ கூப்பிடு. நானும் எடுக்கலைன்னா அடுத்து யாருக்குச் சொல்லணும்னு கீழே எழுதியிருக்கேன்,” என்றார். நாம் காணாமல் போனதை யாராவது கவனித்தால்தான் தேடலே தொடங்கும். அதனால் இந்த ஒரு தாளுக்கு இருக்கும் மதிப்பு பெரிது.

அடுத்து, வானொலிச் சோதனை. மாமா ஒலிவாங்கியை எடுத்து, அருகிலிருந்த நண்பரின் படகை அழைத்து, “என் குரல் எப்படிக் கேட்கிறது?” என்று கேட்டார். “தெளிவாகவும் உரக்கவும்,” என்று பதில் வந்தது. அந்தப் பேச்சுக்கு அவர் 16ஐப் பயன்படுத்தவில்லை. படகுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அனைத்துலக அளவில் 6, 8, 72, 77 போன்ற அலைவரிசைகள் இருக்கின்றன. 16ல் அழைக்கலாம், அழைத்தவுடன் வேறு அலைவரிசைக்கு மாறிவிட வேண்டும். எந்த நேரத்திலும் ஒருவருக்கு அது உயிர்க்கயிறாகலாம் என்பதால் அதைக் காலியாக வைத்திருப்பது எல்லாருடைய கடமை.

கப்பல்களுக்கு நடுவே

செந்தோசாவைத் தாண்டித் தெற்கே திரும்பியதும் என் கண்கள் விரிந்தன. கிழக்கே நங்கூரமிட்டு நின்ற எண்ணெய்க் கப்பல்களின் வரிசைக்கு முடிவே தெரியவில்லை. எந்த நேரத்திலும் ஏறத்தாழ ஆயிரம் கப்பல்கள் இருக்கும் துறைமுகம் இது. அவற்றுக்கு அப்பால் சிங்கப்பூர் நீரிணை. அதன் மிகக் குறுகிய பகுதியான பிலிப் கால்வாயின் அகலம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. கிழக்காசியாவுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே செல்லும் கப்பல்களில் பெரும்பகுதி அந்த இடுக்கின் வழியாகத்தான் போகிறது.

இவ்வளவு கப்பல்களும் முட்டிக்கொள்ளாமல் செல்வதற்கு வானொலியும் ஒரு காரணம். 1998ஆம் ஆண்டு டிசம்பர் 1 முதல், மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் செல்லும் பெரிய கப்பல்கள் தங்கள் வருகையைக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும். நீரிணை ஒன்பது பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூரை ஒட்டிய மூன்று பிரிவுகளில் மேற்கே 73, நடுவே 14, கிழக்கே 10 ஆகிய அலைவரிசைகளில் கப்பல்கள் பேசுகின்றன. மாமா 16ஐயும் 14ஐயும் மாறி மாறிக் கேட்கும்படி கருவியை அமைத்திருந்தார். இந்திய, சீன, ரஷ்ய, பிலிப்பினோ வாடையுள்ள ஆங்கிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. எல்லாருமே ஒரே பாணியில், ஒரே வரிசையில், சுருக்கமாகப் பேசினார்கள். தாய்மொழி வேறானவர்களும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வதற்காகக் கடலுக்கென்றே வகுத்த பேச்சு அது.

‘ஓவர்’ என்றால் ‘நான் முடித்தேன், நீங்கள் பேசுங்கள்’. ‘அவுட்’ என்றால் ‘உரையாடல் முடிந்தது’. திரைப்படங்களில் இரண்டையும் சேர்த்து ‘ஓவர் அண்ட் அவுட்’ என்பார்கள். “பதில் சொல்லுங்கன்னும் சொல்லி, பேச வேண்டாம்னும் சொன்னா எப்படி?” என்று மாமா சிரித்தார்.

செயிண்ட் ஜான்ஸ் தீவைக் கடந்தபோது அவர் படகின் வேகத்தைக் குறைத்தார். 1874ல் அங்கு தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் அமைக்கப்பட்டது. கப்பலில் வந்த குடியேறிகள், நம் முன்னோரில் பலர் உட்பட, அங்கே தங்கவைக்கப்பட்ட பிறகே நகருக்குள் வந்தார்கள். இன்று மக்கள் உல்லாசமாக நடக்கும் தீவு அது. அதை ஒட்டிய லாசரஸ் தீவின் பிறை வடிவக் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, அத்தை கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்தோம்.

மூன்று சொற்கள்

சாப்பிடும்போது தம்பி, “மாமா, ‘மேடே’ன்னா மே மாதமா?” என்று கேட்டான். மாமா விளக்கினார்.

வானொலியில் ஆபத்தின் அளவைச் சொல்ல மூன்று சொற்கள் உண்டு. மூன்றும் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றையும் மூன்று முறை சொல்ல வேண்டும்.

‘மேடே’ என்பது உயிருக்கோ படகுக்கோ உடனடிப் பேராபத்து. படகு மூழ்குகிறது, தீப்பிடித்துவிட்டது போன்ற நிலை. லண்டனின் குரோய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் மாக்ஃபோர்ட் 1920களின் தொடக்கத்தில் இச்சொல்லைப் பரிந்துரைத்தார். அங்கிருந்து விமானங்கள் பெரும்பாலும் பாரிசுக்குச் சென்று வந்ததால், ‘எனக்கு உதவுங்கள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியை அவர் எடுத்துக்கொண்டார். மோர்ஸ் முறையின் ‘எஸ்ஓஎஸ்’ இருக்கும்போது புதிய சொல் எதற்கு? குரல்வழித் தொடர்பில் ‘எஸ்’ என்ற எழுத்து தெளிவாகக் கேட்பதில்லை. 1927ல் ‘மேடே’ அனைத்துலக அங்கீகாரம் பெற்றது.

‘பான்-பான்’ என்பது அவசரம். ஆனால் அந்த நொடியில் உயிராபத்து இல்லை. எஞ்சின் நின்றுவிட்டது, ஒருவருக்கு மருத்துவ ஆலோசனை தேவை என்பன போன்றவை. ‘பழுது’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

‘செக்யூரிட்டே’ என்பது மற்றவர்களுக்கான எச்சரிக்கை. மிதக்கும் மரக்கட்டை, அணைந்துபோன விளக்கு, வரப்போகும் புயல் போன்றவற்றை அறிவிக்க.

“எதைச் சொல்றதுன்னு சந்தேகம் வந்தா?” என்று நான் கேட்டேன். “உயிர் போகும் நிலைன்னா தயங்காமல் மேடே. இல்லைன்னா பான்-பான். விளையாட்டுக்கு மட்டும் சொல்லவே கூடாது. பொய் அழைப்பு குற்றம். நம்மைத் தேடி வரும் படகு, அந்த நேரத்தில் வேறொருவரைக் காப்பாற்றப் போயிருக்க வேண்டிய படகு,” என்றார்.

“எந்தத் தீவு?”

மணி இரண்டைக் கடந்திருந்தது. பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது 16ல் ஒரு குரல் வந்தது. “பான்-பான், பான்-பான், பான்-பான்.” ஓர் ஆணின் குரல். எஞ்சின் நின்றுவிட்டது, படகில் ஐந்து பேர், யாருக்கும் காயமில்லை, நீரோட்டம் இழுத்துப் போகிறது என்றார்.

உடனே துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து பதில் வந்தது. “அழைப்பைப் பெற்றோம். உங்கள் இருப்பிடம் என்ன? ஓவர்.”

“தீவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.”

“எந்தத் தீவு? ஓவர்.”

பதில் இல்லை. நான் சுற்றிப் பார்த்தேன். நாங்கள் இருந்த இடத்திலிருந்தே நான்கைந்து தீவுகள் தெரிந்தன. கடல் மட்டத்தில் சிறிய படகிலிருந்து பார்த்தால் எல்லாமே பச்சைக் கோடுகள்தாம். மாமா கையைத் துடைத்துவிட்டு எழுந்து நின்றார். யாரும் பேசவில்லை.

பிறகு வேறொரு குரல் வந்தது. ஒரு மாணவியின் குரல், சற்று நடுங்கியது. ஆனால் ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகச் சொன்னது. “வடக்கு, ஒன்று டிகிரி, ஒன்று இரண்டு மினிட், மூன்று ஆறு செகண்ட். கிழக்கு, ஒன்று பூஜ்யம் மூன்று டிகிரி, ஐந்து பூஜ்யம் மினிட், மூன்று பூஜ்யம் செகண்ட். ஓவர்.”

மாமா அதை அப்படியே தாளில் எழுதி, வரைபடத்தில் விரல் வைத்தார். சிஸ்டர்ஸ் தீவுகளுக்குத் தென்கிழக்கே. எங்களிடமிருந்து ஏறக்குறைய ஒரு கடல்மைல். அந்தத் தீவுகளைச் சுற்றி நீரோட்டம் வலுவானது. தெற்கே பெரிய கப்பல்களின் பாதை. முந்நூறு, நானூறு மீட்டர் நீளமுள்ள ஒரு சரக்குக் கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது; முழு வேகத்தில் செல்லும்போது நிற்பதற்குப் பல கிலோமீட்டர் தேவைப்படலாம். அதன் மேல்தளத்திலிருந்து பார்ப்பவருக்கு, கப்பலின் முகப்பை ஒட்டிய சிறு படகு தென்படாமலே போகக்கூடும். அப்போது பான்-பானாக இருந்த அழைப்பு, அரை மணி நேரத்தில் மேடேயாக மாறியிருக்கலாம்.

மாமா ஒலிவாங்கியை எடுத்தார். எங்கள் படகின் பெயர், இருப்பிடம், பதினைந்து நிமிடங்களில் சென்று சேர முடியும் என்ற தகவல், ‘ஓவர்’. அவ்வளவுதான். கட்டுப்பாட்டு நிலையம் நன்றி கூறி, இரண்டு படகுகளையும் வேறோர் அலைவரிசைக்கு மாறச் சொன்னது. சுற்றுக்காவல் படகு ஒன்று புறப்பட்டுவிட்டதாகவும் தெரிவித்தது. தம்பியும் நானும் நங்கூரத்தை ஏற்றினோம்.

சென்று சேர்ந்தபோது ஆறு மீட்டர் நீளப் படகு ஒன்று பக்கவாட்டில் ஆடியபடி மிதந்து சென்றது. மாமாவின் முதல் வார்த்தை, “எல்லாரும் உயிர்காப்பு அங்கியைப் போடுங்க!” இரண்டாவது முறை வீசிய கயிற்றை அவர்கள் பிடித்துக் கட்டினார்கள். மெதுவாக, மிக மெதுவாக, கப்பல் பாதைக்கு எதிர்த்திசையில் இழுத்தோம். ஏறத்தாழ இருபது நிமிடங்களில் சுற்றுக்காவல் படகு வந்து பொறுப்பேற்றுக்கொண்டது. படகின் விசிறியில் பழைய மீன்வலைத் துண்டு ஒன்று இறுகச் சுற்றியிருந்ததாம்.

எண்களைச் சொன்ன மாணவியிடம், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்தால் கீழே எண்கள் இருக்கும். புவியியல் வகுப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை படித்தோமே,” என்றார். தம்பியின் வயதுதான் அவருக்கும் இருக்கும்.

அட்சரேகையில் ஒரு மினிட் என்பது ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர். ஒரு செகண்ட் என்பது சுமார் 31 மீட்டர். ‘தீவுக்குப் பக்கத்தில்’ என்ற இரண்டு சொற்கள் மீட்பவரைக் கடல் முழுவதும் தேடவிடும். அந்த மாணவி சொன்ன எண்கள், தேட வேண்டிய கடலை ஒரு கூடைப்பந்துத் திடல் அளவுக்குச் சுருக்கிவிட்டன.

கைப்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு?

அதே கைப்பேசியில் நேராக உதவி கேட்டிருக்கலாமே என்று தோன்றலாம். கரைக்கு அருகே அது பயன்படும். ஆனால் கைப்பேசியில் நீங்கள் பேசுவது ஒருவருக்குத்தான் கேட்கும். வானொலியில் பேசினால் சுற்றியுள்ள எல்லாருக்கும் கேட்கும். அன்று அந்தப் படகின் எண் எங்களுக்குத் தெரியாது. எங்கள் எண் அவர்களுக்குத் தெரியாது. இருந்தும் பதினைந்து நிமிடத்தில் கயிறு வீசும் தூரத்தில் நின்றோம். 1912ல் டைட்டானிக் மூழ்கியபோது, அருகிலிருந்த கலிஃபோர்னியன் கப்பலின் வானொலி இயக்குநர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போயிருந்தார். அந்த விபத்துக்குப் பிறகுதான், எப்போதும் யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது கடலின் சட்டமானது.

இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. 16ஆம் அலைவரிசையின் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால் அலைநீளம் சுமார் 1.9 மீட்டர். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்வதால், பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். அதனால் கருவியின் திறனைவிட அலைக்கம்பத்தின் உயரமே முக்கியம். இரண்டு உயரங்களையும் மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி, 4.1ஆல் பெருக்கினால், அலை எட்டக்கூடிய அதிகபட்சத் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். தலா நான்கு மீட்டர் உயரக் கம்பமுள்ள இரு படகுகளுக்கு இடையே சுமார் 16 கிலோமீட்டர். கரையில் நூறு மீட்டர் உயரக் கம்பம் இருந்தால் சுமார் 49 கிலோமீட்டர்.

புதிய கருவிகளில் மூடியிட்ட சிவப்புப் பொத்தான் ஒன்றும் உண்டு. அதைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், 70ஆம் அலைவரிசை வழியாகப் படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும், இணைக்கப்பட்ட ஜிபிஎஸ் தரும் இருப்பிடமும் தாமாகவே போய்ச் சேரும். பேச முடியாத நிலையிலும் அது பேசும்.

மேடே அழைப்பு விடுப்பது எப்படி?

படகோட்டி மயங்கிவிட்டால் அழைக்க வேண்டியவர் நீங்களாகவும் இருக்கலாம். உரிமம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஆபத்தில் இருப்பவர் கிடைக்கும் எந்த வழியிலும் உதவி கேட்பதை அனைத்துலக வானொலி விதிகள் தடுப்பதில்லை.

1. கருவியை இயக்கி, 16ஆம் அலைவரிசைக்கு மாற்றி, திறனை ‘உயர்’ நிலையில் வையுங்கள்.

2. ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்திப் பிடித்து, “மேடே, மேடே, மேடே” என்று சொல்லுங்கள்.

3. படகின் பெயரை மூன்று முறை சொல்லுங்கள்.

4. மீண்டும் ஒருமுறை “மேடே”, படகின் பெயர்.

5. இருப்பிடம்: அட்சரேகை, தீர்க்கரேகை. அவை தெரியாவிட்டால், பெயர் தெரிந்த ஓர் இடத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம்.

6. என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும்.

7. படகில் எத்தனை பேர், யாருக்காவது காயமா.

8. “ஓவர்” என்று சொல்லிப் பொத்தானை விட்டுவிடுங்கள். விடாவிட்டால் பதில் கேட்காது. மற்றவர்களின் பேச்சும் தடைபடும்.

9. பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் அழையுங்கள்.

பிறர் விடுத்த மேடே உங்களுக்குக் கேட்டு, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றால், “மேடே ரிலே” என்று தொடங்கி அந்தத் தகவலை நீங்கள் கடத்தலாம். மற்ற நேரத்தில் மௌனமாகக் கேட்பதே உதவி.

மாணவர்களுக்கு

இவற்றைப் பயன்படுத்தப் படகு வைத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி முகாமுக்காக உபின் தீவுக்குப் போகலாம். குடும்பத்தோடு குசு தீவுக்கோ பங்கோருக்கோ ரெடாங்குக்கோ படகேறலாம். ஏறியவுடன் மூன்றைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்: உயிர்காப்பு அங்கி எங்கே, வானொலி எங்கே, நாம் இப்போது எங்கே.

ஆர்வம் அதற்கு மேலும் இருந்தால் வழி திறந்தே இருக்கிறது. சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடல்துறைப் படிப்புகள் உள்ளன. கப்பல் அதிகாரியாக விரும்புவோர் கடல் வானொலி இயக்குநர் சான்றிதழையும் பெற வேண்டும். கட்டுப்பாட்டு நிலையத்தில் பணியாற்றுவோர், கப்பல் மின்னணுக் கருவிகளைப் பராமரிப்போர், மீட்புப் படையினர் என இத்துறையில் பல வேலைகள் உண்டு.

இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கைப்பேசியில் நீங்கள் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கண்டுபிடித்து, ஒவ்வோர் இலக்கமாக உரக்கச் சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் பிழையின்றி எழுதிக்கொள்ளும் வரை பழகுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.